வீடியோ போடும் பைலட்டுகள் இவ்வளவு அடிக்கடி விழுவது எப்படி? பயிற்சியில் இருக்கிறவன் கேட்கிறேன்

புதுச்சிறகு எழுதியது:

இரண்டு மாதமாக விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறேன். 14 மணி நேரம் ஆகியிருக்கிறது, இன்னும் தனியாக விடவில்லை. ராத்திரி படுக்கும்போது பறக்கும் வீடியோ பார்ப்பது பழக்கமாகிவிட்டது. லேண்டிங் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கத்தான் ஆரம்பித்தேன், இப்போது போனைத் திறந்தாலே விழுகிற விமானங்கள்தான் வரிசையாக வருகின்றன. இன்ஜின் நின்று வயலில் இறக்கியவர், ஆற்று மணலில் இறக்கப் போய்த் தலைகுப்புறக் கவிழ்ந்தவர், மரக்கிளையில் மாட்டிக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறவர். எல்லாருக்கும் லட்சக்கணக்கில் பார்வைகள். கீழே கமெண்டில் பாதிப் பேர் "என்ன நிதானம், தெய்வமே" என்கிறார்கள், மீதிப் பேர் "வேண்டுமென்றே செய்தான்" என்கிறார்கள்.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். 2,500 அடியில் போய்க்கொண்டிருந்தபோது என் இன்ஸ்ட்ரக்டர் சொல்லாமல் கொள்ளாமல் த்ராட்டிலை (இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடி) இழுத்து "இன்ஜின் போச்சு, என்ன செய்வாய்?" என்றார். பத்து நொடி எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனசுக்குள் ஓடியது பார்த்த வீடியோக்கள்தான். அப்புறம் நான் செய்த முதல் காரியம் கீழே எட்டிப் பார்த்து அழகாகத் தெரிந்த ஒரு புல்வெளியை நோக்கி மூக்கைத் திருப்பியது. அவர் ஒன்றும் பேசாமல் வேகமானியைக் காட்டினார். 58 நாட், அதாவது மணிக்குச் சுமார் 107 கிலோமீட்டர். இன்ஜின் இல்லாமல் மிதந்து இறங்கும்போது வைத்திருக்க வேண்டியது 68.

கேட்க நினைப்பது இதுதான். இன்ஜின் நிஜமாகவே இவ்வளவு சுலபமாக நின்றுவிடுமா, இல்லை இந்த ஆட்கள் ஏதோ செய்கிறார்களா? எது விபத்து, எது நாடகம் என்று பார்த்தாலே கண்டுபிடிக்க முடியுமா? என்னை மாதிரி ஆட்கள் இவற்றைப் பார்ப்பதால் லாபம் உண்டா, நிறுத்திவிடுவது நல்லதா? இதில் ஒன்றைப் பார்த்துவிட்டு அம்மா பயிற்சியே வேண்டாம் என்கிறார், அது வேறு கதை.

தகரடப்பா எழுதியது:

ஒழுங்காகப் பறந்து ஒழுங்காக இறங்குகிறவன் வீடியோவை யார் தம்பி பார்க்கிறார்கள்? நீங்களே இப்போது பார்ப்பதில்லையே. கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கிறது.

பழைய_லாக்புக் எழுதியது:

தகரடப்பா சொல்வது பாதி சரி. உங்கள் போன் பொறுக்கியெடுத்துக் காட்டுவதை வைத்துக்கொண்டு இன்ஜின் அடிக்கடி நிற்கிறது என்று கணக்குப் போடாதீர்கள். நான் 1,900 மணி நேரத்துக்கு மேல் சின்ன விமானங்கள் ஓட்டியிருக்கிறேன், இன்ஜின் முழுசாக நின்றது ஒரு தடவை கூட இல்லை. கரகரத்தது இரண்டு தடவை, இரண்டும் கார்புரேட்டரில் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பகுதி) ஐஸ், அதைச் சூடாக்கும் கார்ப் ஹீட்டை இழுத்ததும் இருமிவிட்டு வழிக்கு வந்தது. நிற்கிற இன்ஜின்களிலும் பிஸ்டன் உடைந்து நிற்பதைவிடப் பெட்ரோல் கிடைக்காமல் நிற்பதைத்தான் நான் அதிகம் கேள்விப்பட்டிருக்கிறேன். டேங்க் காலி, அல்லது ஒரு டேங்க் காலியாகி இன்னொன்று நிறைய இருக்கிறது, அல்லது அடியில் தண்ணீர். இயந்திரத்தின் மேல் பழி போட்டாலும் அதெல்லாம் மனிதன் விட்ட கோட்டைதான்.

நாடகத்தைக் கண்டுபிடிக்கிற விஷயத்துக்கு ட்ரெவர் ஜேக்கப் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது. 2014 குளிர்கால ஒலிம்பிக்ஸில் ஸ்னோபோர்டு ஓட்டிய அமெரிக்கர். 2021 நவம்பர் 24 அன்று கலிஃபோர்னியாவில் லாம்போக் என்ற சின்ன விமான நிலையத்திலிருந்து 1940ல் செய்த டெய்லர்கிராஃப்ட் என்ற சின்ன விமானத்தில் தனியாகக் கிளம்பினார். சுமார் 35 நிமிடத்தில், லாஸ் பட்ரெஸ் காட்டுக்கு மேலே, இன்ஜின் நின்றுவிட்டது என்று சொல்லி, கையில் செல்ஃபி ஸ்டிக்கோடு பாராசூட்டில் குதித்தார். விமானம் ஆள் இல்லாமல் போய் மலையில் மோதியது. ஒரு மாதம் கழித்து வீடியோ வந்தது, நடுவில் ஒரு பர்ஸ் கம்பெனிக்கு விளம்பரம்.

வீடியோ வந்ததுமே பைலட்டுகள் பிடித்துக்கொண்டார்கள். எதை வைத்து என்பதுதான் உங்களுக்கு வேண்டியது. சின்ன விமானத்தில் தனியாகப் போகிறவன் முதுகில் பாராசூட் மாட்டிக்கொண்டு போவதில்லை. இன்ஜின் நிற்பதற்கு முன்பே இடது கதவு திறந்திருக்கிறது. நின்ற பிறகு ரேடியோவில் ஒரு வார்த்தை இல்லை, 121.5 அவசர அலைவரிசையில் கூட இல்லை. திரும்ப ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை, அந்த மாதிரி விமானத்தில் மூக்கைத் தாழ்த்தி வேகம் கூட்டினாலே காற்று புரொப்பெல்லரைச் சுற்றிவிட வாய்ப்பு உண்டு. இறங்க இடம் தேடவில்லை, கீழே மிதந்து போய்ச் சேரும் தூரத்தில் இடம் இருந்தது. ஆனால் இறக்கையில், வாலில், உள்ளே என்று கேமராக்கள் மட்டும் பக்காவாக மாட்டியிருக்கின்றன. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ, லைசென்ஸைப் பறித்தபோது சொன்ன காரணங்களும் ஏறத்தாழ இவையேதான்.

இதோடு விட்டிருந்தால் லைசென்ஸோடு போயிருக்கும். விசாரணை அதிகாரிகளிடம் உடைந்த விமானம் எங்கே கிடக்கிறது என்று தெரியாது என்றார். டிசம்பரில் ஹெலிகாப்டர் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து, துண்டு துண்டாக வெட்டி, விமான நிலையத்துக் குப்பைத் தொட்டிகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டார். 2023 டிசம்பரில் ஆறு மாதச் சிறை. விமானத்தை விழவிட்டதற்காக அல்ல, விசாரணையைக் கெடுக்க உடைசலை மறைத்து அழித்ததற்காக. இது நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொள்கிற இடம்.

ஆக, அடுத்த முறை இன்ஜின் நிற்கும் வீடியோ பார்த்தால் நிற்கிற நொடியைப் பார்க்காதீர்கள், அதற்கு அடுத்த 15 நொடியில் அந்த ஆளின் கை எங்கே போகிறது என்று பாருங்கள். நிஜமாக மாட்டியவனின் கை மூக்கைத் தாழ்த்தும், பெட்ரோல் வால்வுக்குப் போகும், பெட்ரோல்-காற்றுக் கலவையை மாற்றும் மிக்ஸ்சருக்குப் போகும், கார்ப் ஹீட்டுக்குப் போகும். கேமராவுக்கு விளக்கம் சொல்ல அவனுக்கு நேரம் இருக்காது.

வால்சக்கரம் எழுதியது:

ஜேக்கப் ஒருத்தனை வைத்து எல்லாரையும் அடிக்காதீர்கள் சார். நானும் வீடியோ போடுகிறவன்தான், சின்னச் சேனல். லைசென்ஸ் இருந்தாலும் என் கணக்கில் அவன் பைலட்டே இல்லை, விளம்பரம் எடுக்க வந்தவன். எங்கள் கூட்டத்தில் மைக் பேட்டி மாதிரி ஆட்களும் இருக்கிறார்கள்.

தெரியாதவர்களுக்கு: வில்கா என்ற போலந்து நாட்டு விமானத்தை வாங்கி, டர்பைன் இன்ஜின் வைத்து, கிட்டத்தட்ட எல்லாவற்றையும் மாற்றி டிராகோ என்று ஒன்றைக் கட்டினார். கை அகல இடத்தில் ஏறி இறங்கும், அப்படி ஒரு பிராணி. 2019 செப்டம்பரில் அமெரிக்காவில் ரீனோ என்ற ஊரில் பலத்த குறுக்குக் காற்றில் டேக்ஆஃப் செய்யப் போனார், ஒரு வீச்சு இறக்கையைத் தூக்கிவிட்டது, சில நொடியில் எல்லாம் நொறுங்கியது. உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். அந்த மனுஷன் என்ன செய்தார்? உடைந்த விமானத்தோடு வீடியோ போட்டு, காற்று இப்படி என்று தெரியும், நான் காத்திருந்திருக்க வேண்டும், தப்பு முழுக்க என்னுடையது என்று சொன்னார். இன்ஜின் மேல் பழி இல்லை, காற்றின் மேல் பழி இல்லை. அந்த ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் அன்றைக்குக் கிளம்பாமல் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வீடியோ போட்டால் நாமே நமக்கு எதிராகச் சாட்சி தயார் பண்ணிக் கொடுத்த மாதிரி. நெவாடாவில் பிரபலமான ஒரு யூடியூப் பைலட் 2019ல் ஒரு வீட்டுக்குப் பக்கத்தில் தாழப் பறந்தார். இறங்க முடியுமா என்று பார்க்கத்தான் போனேன் என்றார், எஃப்ஏஏ ஒத்துக்கொள்ளவில்லை, ஆள், வீடு, வண்டி எதற்கும் 500 அடிக்குள் வரக்கூடாது என்ற விதியைக் காட்டி லைசென்ஸைச் சஸ்பெண்ட் செய்தது. இறங்குவதற்காக என்றால் அந்த விதியில் விலக்கு உண்டு, அவர் இறங்கவில்லை என்பதுதான் சிக்கல். காட்டில், மணலில் இறங்குகிற எங்களுக்கு முதல் தடவை தாழப் போய்ப் பார்த்துவிட்டு இரண்டாம் தடவை இறங்குவதுதான் பாதுகாப்பு. அதை எப்படிச் சொல்லிப் புரிய வைப்பது?

கிளைடர்_காரி எழுதியது:

புதுச்சிறகு, அந்த 58 நாட் விஷயத்தை யாருமே தொடவில்லையே. உங்கள் பதிவிலேயே முக்கியமானது அதுதான்.

நான் ஓட்டுவது கிளைடர். எங்களுக்கு இன்ஜின் கிடையாது, ஒவ்வொரு லேண்டிங்கும் உங்கள் கணக்கில் அவசர லேண்டிங்தான், அதற்காக யாரும் எங்களுக்குக் கைதட்டுவதில்லை. இன்ஜின் நின்ற விமானம் கல் மாதிரி விழாது. செஸ்னா 172 மாதிரி ஒரு சின்ன விமானம், சரியான வேகத்தில் வைத்தால் ஒரு அடி இறங்குவதற்குள் சுமார் ஒன்பது அடி முன்னே போகும். ஆயிரம் அடி உயரத்தில் இருந்தால் இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேல். ஆனால் அந்த ஒன்பது, அந்த வேகத்துக்கு மட்டும்தான். நீங்கள் மூக்கைத் தூக்கி 58க்குக் கொண்டுவந்தபோது இன்னும் தூரம் போகலாம் என்று மனசு சொல்லியிருக்கும், நிஜத்தில் தூரம் குறைந்துகொண்டே வந்திருக்கும். தரை நெருங்க நெருங்கக் கை தானாகப் பின்னால் இழுக்கும். மனுஷ சுபாவம். கொல்வதும் அதுதான்.

கொல்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் பார்க்கிற வீடியோக்களில் இது அதிகம் வராது, ஏனென்றால் இதில் மாட்டியவர்கள் வீடியோ எடிட் செய்ய உயிரோடு இருப்பதில்லை. நேராகப் பறக்கும்போது 50 நாட்டில் ஸ்டால் ஆகிற, அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழக்கிற விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரம் இழக்காமல் 45 டிகிரி சாய்த்துத் திருப்பினால் கிட்டத்தட்ட 60லேயே ஸ்டால். 60 டிகிரி சாய்த்தால் 70. இப்போது டேக்ஆஃப் ஆகி 400 அடியில் இன்ஜின் நிற்கிறது. பின்னால் நல்ல நீளமான ரன்வே இருக்கிறது, முன்னால் மரமும் கூரையும். யாருக்கும் திரும்பத் தோன்றும். திரும்புவது 180 டிகிரி என்று நினைப்போம், அதோடு முடியாது. திரும்பி முடித்தால் ரன்வேக்கு நேராக இருக்க மாட்டீர்கள், பக்கத்தில் ஒரு வட்டத்தின் அகலம் தள்ளி இருப்பீர்கள், மறுபடி உள்ளே வளைத்து நேராக்க வேண்டும். நின்றதை நம்பவே மூன்று நான்கு நொடி போயிருக்கும். எதிர்க்காற்றாக இருந்தது இப்போது முதுகில் தள்ளும், தரை வேகமாக ஓடுவது மாதிரி தெரியும், வேகம் நிறைய இருக்கிறது என்று நினைத்து இன்னும் இழுப்பீர்கள். ஒரு இறக்கை முதலில் ஸ்டால் ஆகி அந்தப் பக்கம் சுருண்டால், அந்த உயரத்தில் மீட்க இடமே கிடையாது.

இது கத்துக்குட்டிகளுக்கு மட்டும் நடப்பது என்று நினைக்க வேண்டாம். ரிச்சர்ட் மெக்ஸ்பேடன் அமெரிக்காவில் ஏஓபிஏ என்ற பைலட்டுகள் சங்கத்தின் பாதுகாப்புப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர், அதற்கு முன்னால் விமானப்படையின் தண்டர்பேர்ட்ஸ் சாகச அணிக்கே தலைமை தாங்கியவர். விபத்து நடந்த சில நாளிலேயே, என்ன நடந்திருக்கலாம் என்று பதறாமல் விளக்குவார், நான் கற்றுக்கொண்டதில் பாதி அந்த வீடியோக்களில்தான். 2023 அக்டோபர் 1 அன்று லேக் ப்ளாசிட்டில் அவர் இருந்த செஸ்னா, டேக்ஆஃப் ஆன கொஞ்ச நேரத்தில் சக்தி இழந்து, திரும்பி வரப் பார்த்து, ரன்வேக்குச் சற்று முன்னால் மேட்டில் மோதியது. இரண்டு பேரும் இறந்தார்கள். அவருக்குத் தெரியாததா? அந்தச் செய்தி வந்த அன்று நான் ஹேங்கருக்குப் போகவில்லை.

நேராகப் போய் எதிலாவது மோதினாலும் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, கணக்கு அப்படி. மணிக்கு 80 கிலோமீட்டரில் தரையைத் தொட்டு, 9ஜி (உடல் எடையைப் போல ஒன்பது மடங்கு விசை) அளவில் சீராக நின்றால், நிற்க ஒன்பது பத்து அடி போதும். அந்த அளவைப் பெல்ட் போட்ட உடம்பு தாங்கும், சின்ன விமானங்களின் இருக்கைகளும் அதை மனதில் வைத்தே செய்யப்படுகின்றன. 160ல் போய் மோதினால் கிட்டத்தட்ட முப்பத்தேழு அடி வேண்டும். வேகம் இரண்டு மடங்கு, தூரம் நாலு மடங்கு. அதனால் இறக்கை மட்டமாக, மெதுவாக, ஆனால் கட்டுப்பாட்டில். இறக்கையும் சக்கரமும் பிய்த்துக்கொண்டு போகட்டும், அவை பிய்வதே உங்களுக்கு வரவேண்டிய அடியைத் தாங்கத்தான். விமானத்தைக் காப்பாற்ற நினைத்த நொடியிலிருந்து தப்பு ஆரம்பிக்கிறது, இன்ஜின் நின்ற நொடியில் அது இன்ஷூரன்ஸ்காரனுடையது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் சொல்வார்.

வால்சக்கரம், உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. பேட்டி ரொம்பவே நேர்மையாகப் பேசினார், சரி. ஆனால் அந்தக் காற்றில் கிளம்பியது எதற்காக என்று ஒரு கேள்வி இருக்கிறதே. சுற்றி நிறையப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர் ஓட்டியது எதற்கும் அசையாத விமானம் என்று பெயர் எடுத்தது. ரசிகர்கள் இருக்கிறவனுக்கு "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்வது நமக்கு இருப்பதைவிடக் கஷ்டம் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு அப்படி நடந்ததே இல்லையா?

புதுச்சிறகு எழுதியது:

ஐயோ, அந்த "இன்னும் தூரம் போகலாம்" அப்படியேதான் இருந்தது. புல்வெளி விட்டுப் போய்விடுமோ என்று இழுத்தேன். யாராவது தலையில் தட்டிச் சொன்ன மாதிரி இருக்கிறது, நன்றி அக்கா.

வெட்டி_ஒட்டு எழுதியது:

நான் பைலட் இல்லை, இந்த மாதிரி இரண்டு சேனல்களுக்கு எடிட்டிங் செய்திருக்கிறேன், அதனால் மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம்.

ஆக்ஷன் கேமராவின் லென்ஸ் ரொம்ப அகலமானது. எல்லாவற்றையும் தள்ளி வைத்துக் காட்டும். 200 அடியில் பறந்து எடுத்தது திரையில் 500 அடி மாதிரி சப்பென்று இருக்கும், மலைச்சரிவு மேசை மாதிரி மட்டமாகத் தெரியும். ஒருவர் எனக்குக் கிளிப் அனுப்பிவிட்டு, பயமாகவே இல்லையே என்று வருத்தப்பட்டார். அடுத்த வாரம் இன்னும் தாழப் போய் எடுத்து அனுப்பினார். அந்தக் கிளிப்பை வெட்டும்போது ஒரு மின்கம்பி ஃபிரேமின் ஓரத்தில் வந்து போவதைப் பார்த்தேன். ஒரே ஒரு ஃபிரேம். அவரிடம் கேட்டேன், கம்பி இருந்ததே தெரியாது என்றார். நான் அந்த வேலையை அப்புறம் விட்டுவிட்டேன்.

இரண்டாவது, நாங்கள் வெட்டுவது எப்போதுமே சலிப்பான பகுதியைத்தான். வானிலை பார்த்தது, டேங்கில் குச்சி விட்டு அளந்தது, கிளம்பலாமா என்று இருபது நிமிடம் யோசித்தது, எல்லாம் தரையில் கிடக்கும். மிஞ்சுவது 12 நிமிடம், அதில் கடைசி ஒன்றரை நிமிடம் விபத்து. அதனால் பார்க்கிறவருக்கு விபத்து எங்கிருந்தோ வந்து விழுந்த மாதிரி தெரிகிறது. முழு ஃபுட்டேஜ் பார்க்கிறவனுக்கு அது நாற்பது நிமிடத்துக்கு முன்னாலேயே ஆரம்பித்தது தெரியும்.

கேமராவால் விபத்தே நடக்குமா என்று கேட்பவர்களுக்கு: 2014 மே 31, கொலராடோவில் வாட்கின்ஸ் என்ற இடம், ஒரு செஸ்னா 150, இரண்டு பேர் இறந்தார்கள். விபத்து நடந்த பறப்பு கேமராவில் பதிவாகவில்லை. ஆனால் அதற்குச் சற்று முன்னால் பறந்தவற்றில், இருட்டில், தாழ்வான உயரத்தில், ஃபிளாஷ் போட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டே போனது பதிவாகியிருந்தது. அமெரிக்க விசாரணை வாரியமான என்டிஎஸ்பி, மேகத்தில் இரவில் திசை உணர்வு தவறி ஸ்டால் ஆனதைக் காரணமாகவும், செல்போன் கவனச்சிதறலை அதற்குத் துணையாகவும் எழுதியது. ஆசை எந்த அளவுக்குப் போகும் என்றால் 2022 ஏப்ரலில் அரிசோனாவில் இரண்டு பேர், நடுவானில் தத்தம் விமானத்திலிருந்து குதித்து மற்றவருடைய விமானத்தில் ஏறுவது என்று நேரடி நிகழ்ச்சி வைத்தார்கள். எஃப்ஏஏ இரண்டு நாள் முன்பே அனுமதி மறுத்தது, ஆனாலும் செய்தார்கள், ஒரு விமானம் சுழன்று போய் விழுந்தது, இரண்டு பேர் லைசென்ஸும் போனது. அவர்கள் இருவரும் கத்துக்குட்டிகள் இல்லை, ஆயிரக்கணக்கில் குதித்தவர்கள்.

வால்சக்கரம் எழுதியது:

கிளைடர்_காரி கேட்டதற்குப் பதில் போடாமல் இரண்டு நாள் ஓட்டிவிட்டேன். சரி, சொல்லிவிடுகிறேன், இதை எங்கும் போட்டதில்லை.

மூன்று வருஷம் முன்னால். அப்போது வைத்திருந்தது கீழ் இறக்கை விமானம், பெட்ரோல் வால்வில் இரண்டு டேங்கும் சேர்ந்து என்ற நிலையே கிடையாது, இடது அல்லது வலது, அரை மணிக்கு ஒரு தடவை கையால் மாற்ற வேண்டும். அதற்காகவே போனில் அலாரம் வைத்திருப்பேன். அன்றைக்கு அந்தப் போன் டாஷ்போர்டில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது, ரெக்கார்டிங்கில் மணி கேட்கக்கூடாது என்று நானே சத்தத்தை அணைத்திருந்தேன்.

நீண்ட பறப்பில் பெட்ரோலை எப்படி நிர்வகிப்பது என்றுதான் பேசிக்கொண்டிருந்தேன். சத்தியமாக. சிரிக்காதீர்கள். 2,800 அடி, கீழே சோளக்காடு மாதிரி ஏதோ, பேச்சு சூடு பிடித்திருந்தது. இன்ஜின் ஒரு தடவை விக்கியது, அப்புறம் மொத்தமாக அமைதி. புரொப்பெல்லர் காற்றில் சும்மா சுற்றுகிறது. அந்த ரெக்கார்டிங் இன்னும் என்னிடம் இருக்கிறது, பலமுறை பார்த்திருக்கிறேன். நின்ற பிறகு நான் ஏழு நொடி ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யவில்லை என்றால் கூடப் பரவாயில்லை, முதல் மூன்று நொடி கேமராவைப் பார்க்கிறேன். பாதியில் நின்ற சிரிப்போடு. அப்புறம்தான் கை வால்வுக்குப் போகிறது, பம்ப்பைப் போடுகிறது, இன்னும் நாலைந்து நொடியில் இன்ஜின் உறுமிக்கொண்டு வந்தது. மொத்தம் 300 அடி இழந்திருப்பேன். இறங்கிப் பார்த்தால் வலது டேங்க் முக்கால்வாசி.

அந்தக் கிளிப்பைப் போட்டிருந்தால் என் சேனலிலேயே அதிகம் பார்க்கப்பட்டது அதுவாகத்தான் இருந்திருக்கும். போடவில்லை, நல்ல எண்ணத்தால் என்று சொல்ல மாட்டேன், வெட்கமாக இருந்தது. பேட்டியைப் புகழ்ந்து எழுதிவிட்டு நான் இதை மறைத்து வைத்திருந்தது இப்போது எனக்கே உறுத்துகிறது.

பழைய_லாக்புக் சொன்னாரே, நிஜமாக மாட்டியவன் கேமராவுக்கு விளக்கம் சொல்ல மாட்டான் என்று. விளக்கம் சொல்லவில்லை சார், ஆனால் அதைத்தான் முதலில் பார்த்தேன்.

பழைய_லாக்புக் எழுதியது:

நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன், நீங்கள் சொன்னது மேல். முடிந்தால் அதைப் போடுங்கள். இன்ஜின் வந்த இடத்தில் வெட்டாமல், அந்த மூன்று நொடியோடு.

கிளைடர்_காரி எழுதியது:

ஆமாம், போடுங்கள். நான் வந்து முதல் கமெண்ட் போடுகிறேன், திட்டி இல்லை.

புதுச்சிறகு, உங்கள் மூன்றாவது கேள்வி அந்தரத்தில் நிற்கிறது. பாருங்கள், ஆனால் பாதியில் நிறுத்திப் பாருங்கள். இன்ஜின் நிற்கிற இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டு, வேகம், இடம், காற்று எந்தப் பக்கம், ரேடியோவில் என்ன சொல்வேன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், அப்புறம் ஓட விடுங்கள். பிளான்கோலிரியோ என்று ஹுவான் பிரவுன் நடத்தும் சேனல் இருக்கிறது, விபத்துகளைக் கத்தாமல் விளக்குவார், அதை வேண்டுமானால் அம்மாவோடு உட்கார்ந்து பாருங்கள். 2023 டிசம்பரில் டென்னசியில் ஒரு சேனல் நடத்திய பெண்ணும் அவருடைய அப்பாவும் இறந்த விபத்தைப் பற்றி நிறைய வீடியோ வரும், அதில் பாதி வெறும் ஏச்சு, அவற்றைத் தவிர்க்கலாம். விமானத்தைத் தானாக ஓட்டும் ஆட்டோபைலட்டோடு அந்தப் பெண் தடுமாறுவது பழைய வீடியோக்களிலேயே தெரிந்தது, கீழே கமெண்டிலும் எழுதியிருந்தார்கள். கமெண்டில் எழுதினால் போதுமா, பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து யாராவது சொல்லித் தந்திருக்க வேண்டும் என்றுதான் எனக்கு ஒவ்வொரு தடவையும் தோன்றும்.

புதுச்சிறகு எழுதியது:

இன்று மறுபடி த்ராட்டிலை இழுத்தார். முதலில் மூக்கு, 68, அப்புறம்தான் கீழே பார்த்தேன். தேர்ந்தெடுத்த வயல் மோசம், நடுவில் வாய்க்கால் ஓடியது 600 அடிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, ஆனால் வேகம் அசையவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, அவர் ஒன்றும் சொல்லாதது பாராட்டு என்று மற்ற மாணவர்கள் சொல்கிறார்கள்.

ஒரே ஒரு சின்னக் கேள்வி. லைசென்ஸ் வந்ததும் தங்கையைத்தான் முதலில் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். பின் சீட்டில் உட்கார்ந்து அவள் வீடியோ எடுத்தால் தப்பில்லையே?

வால்சக்கரம் எழுதியது:

தாராளமாக எடுக்கட்டும். டேக்ஆஃபிலும் லேண்டிங்கிலும் அவளோடு பேசாதீர்கள், அவள் "அண்ணா, இங்கே பார்" என்று சொன்னாலும் திரும்பாதீர்கள். கிளம்பும் முன்பே அவளிடம் சொல்லி வைத்துவிடுங்கள், இல்லையென்றால் கோபித்துக்கொள்வாள். அப்புறம் போனில் அலாரம் வைத்தால் சத்தத்தை அணைக்காதீர்கள்.